மாமி வரவழைத்த மூன்று பார்சல்கள்

இந்தக் கிழமையும் பத்திரிகை ஆசிரியர் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். என் எழுத்துகள் கோட்டில் நிற்பதில்லை. எங்கே 'ர' வரும், எங்கே 'ற' வரும் என்பது இன்றும் எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. சென்ற அத்தியாயத்தில் ஒரு சொல்லை வாசிக்க முடியாமல் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டுக் கேட்டார்கள். இந்த முறை எழுத்து இன்னும் மோசமாக இருக்கும். எழுத வந்த விஷயம் அப்படி. இரண்டு தடவை தொடங்கிக் கிழித்துப் போட்டேன்.

ஒரு பகல் நேரம். ளுஹர் தொழுதுவிட்டு வந்து, கல்முனைக்குடியில் என் மனைவி வீட்டு நடு அறையில் பாயில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு முன்னால் மூன்று பார்சல்கள். உள்ளே வாழையிலை, வெளியே பத்திரிகைத் தாள். தாளில் எண்ணெய் ஊறி அந்தப் பக்கத்து எழுத்து இந்தப் பக்கம் தெரிகிறது. மாட்டிறைச்சி ஆணத்தின் (எங்கள் பக்கம் குழம்பை ஆணம் என்போம்) மணம் அறை முழுவதும் நிற்கிறது. மூன்றும் மூன்று ஊர்களில் வாங்கியவை. மூன்று ஊரிலும் கடையின் பெயர் ஒன்றுதான்.

அடுக்களை வாசலில் பூப்போட்ட சீலைத் திரை. அதற்குக் கீழே என் மாமியின், அதாவது மனைவியின் உம்மாவின், கால்விரல்கள் தெரிகின்றன.

"ஒவ்வொண்டுலயும் கொஞ்சம் எடுத்து ருசி பாருங்க மகன்," என்றார் திரைக்குப் பின்னால் இருந்து. "பாத்துப்போட்டுச் சொல்லுங்க. இதுல எந்த ஆணம் ஒங்களுக்குப் புடிக்கிற?"

எனக்கு இருபத்திரண்டு வயது. கல்யாணமாகி நான்கு மாதம். மாமி என்னிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி அது.

பச்சைப் போட் கடைகள்

அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதிலை எழுதுவதற்கு முன்னால் அந்தக் கடைகளைச் சொல்லிவிடுகிறேன். வாசகர் ஒருவரும் கேட்டிருந்தார்: இப்போது கொழும்பில் ஒரே பெயரில் தெருவுக்குத் தெரு கிளை வைத்துக் கோழி பொரித்து விற்கிறார்களே, உங்கள் காலத்தில் உங்கள் பக்கத்தில் அப்படி ஏதும் இருந்ததா, எது நல்லது என்று.

இருந்தது. எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி கூரைகளைக் கொண்டுபோய், எல்லாரும் திரும்பவும் ஓடு போட்டு நிமிர்ந்துகொண்டிருந்த காலம் அது. கல்முனை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டல், நிந்தவூரில் மெயின் ரோட்டில் ஒன்று, அக்கரைப்பற்றுச் சந்தைக்கு எதிரில் ஒன்று. மூன்றிலும் பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்து. சனங்கள் பெயரைச் சொல்வதில்லை. பலகையை வைத்து 'பச்சைப் போட்' என்றால் தெரியும்.

நடத்தியவர்கள் மூன்று சகோதரர்கள். எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளை கல்யாணம் முடித்தால் பெண் வீட்டுக்குத்தான் போய்க் குடியிருப்பான். மூத்தவர் கல்முனையில் முடித்தார், நடுவிலார் நிந்தவூரில், இளையவர் அக்கரைப்பற்றில். போன இடத்திலெல்லாம் ஒரு கடை. கிளைகள் பிறந்தது அப்படித்தான். கறித்தூள் அந்தந்தப் பெண் வீட்டில் இடித்து வரும். பெயர்ப்பலகை ஒன்றாக இருந்தாலும் ஆணம் மூன்று விதமாக இருந்தது அதனால்.

நான் மருதமுனைக்காரன். இடுப்பில் உடுக்கும் கைத்தறிச் சாறன்களைப் பொதியாகக் கட்டி பஸ்ஸில் ஏற்றி, கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை கடை கடையாகக் கொடுப்பது தொழில். ஆகவே கிழமைக்கு இரண்டு மூன்று தடவை மூன்று கடைகளுக்குள்ளும் போயிருக்கிறேன். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் என்னைப் படித்தவன் என்று சொல்லலாம்.

கல்முனைக் கடையின் ரொட்டிதான் ரொட்டி. இதழ் இதழாகப் பிரியும். ஓரம் மொறுமொறுவென்று இருக்கும். ஆணம் தண்ணீர் மாதிரி ஓடும், மேலே சிவப்பாக எண்ணெய் மிதக்கும், உறைப்பில் காது அடைக்கும். இறைச்சித் துண்டைத் தேடிப் பிடிக்க வேண்டும். உட்கார்ந்து தின்ன விடமாட்டார்கள். நீங்கள் இரண்டாவது ரொட்டியில் இருக்கும்போதே அடுத்த ஆள் உங்கள் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பஸ் ஓட்டுநர்களும் நடத்துநர்களும் சத்தம் போட்டுக் கதைப்பார்கள். ஆனால் பிளேன்டீக்கு அந்தக் கடையை அடிக்க ஆளில்லை. இஞ்சித் துண்டு ஒன்றை நசுக்கிப் போட்டுத் தருவார்கள்.

அக்கரைப்பற்றுக் கடை ஸ்டைலானது. மேலே மின்விசிறி, மேசைக்கு வழுவழுப்பான தகடு, கை கழுவும் இடத்தில் சவர்க்காரம். வெள்ளிக்கிழமை புரியாணி. பின்னேரமானால் கொத்துரொட்டி போடும் சத்தம் சந்தை வரைக்கும் கேட்கும். ரொட்டி மட்டும் போர்வை மாதிரி தடிப்பு. ஆணத்தில் தேங்காய்ப்பாலும் கறுவாப்பட்டையும் அள்ளிப் போட்டிருப்பார்கள், இனிக்கும். சுவர் நீளத்துக்குக் கண்ணாடி வைத்திருந்தார்கள். எல்லாருக்கும் அது பெருமை. எனக்கு அந்தக் கண்ணாடி ஆகாது. வாய் நிறையத் தின்கிற ஒருவன் எதிரில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருப்பான்.

நிந்தவூர்க் கடை மூன்றிலும் சின்னது. ரொட்டி எண்ணெய் குடித்துத் துவண்டு கிடக்கும். ஆணம் கறுப்பு. துருவிய தேங்காய்ப் பூவையும் அரிசியையும் கருக வறுத்து அரைத்து விடுவார்கள். கெட்டியாக, அடிநாக்கில் ஒரு கசப்போடு இருக்கும். அந்தக் கசப்புக்கென்றே தூரத்திலிருந்து வருகிறவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்கவில்லை.

ஆனாலும் நான் அதிகம் போனது நிந்தவூருக்குத்தான். காரணம், அந்தக் கடையின் பின்பக்கம் பலகையால் ஒரு மறைப்பு அடித்திருந்தார்கள். அதற்குப் பின்னால் ஒரேயொரு மேசை. ரோட்டில் போகிறவர்களுக்கு நான் தெரியமாட்டேன்.

கோப்பையில் வைத்த மிச்சம்

ஏன் ஒளிந்து தின்ன வேண்டும்? வெட்கத்தோடு எழுதுகிறேன். வீட்டில் எனக்குப் பசித்தது.

மாமா, என் மனைவி பரீதாவின் வாப்பா, மாவடிப்பள்ளியில் வயல் செய்தவர். வீட்டு அறையொன்றில் முகடு வரைக்கும் நெல் மூட்டை. மாமியின் கைச்சமையல் ஊரில் பெயர் போனது. அந்த வீட்டில் சோற்றுக்குக் குறைவில்லை. குறை என்னுடையது.

கல்யாணத்தன்று என் உம்மா காதுக்குள் சொல்லி அனுப்பினார்: "போற எடத்துல அரக்கப்பரக்கத் தின்னாத. கோப்பையில கொஞ்சம் மிச்சம் வை. இல்லாட்டிப் பஞ்சத்துல வந்தவன் எண்டு நெனப்பாங்க."

மாமி மருமகனுக்கு முன்னால் வருகிற வழக்கம் அப்போது இல்லை. பரீதாதான் சோற்றுக் கோப்பையை (தட்டைத்தான் நாங்கள் கோப்பை என்போம்) கொண்டுவந்து வைப்பாள். நான் பாதி தின்றுவிட்டு மீதியை ஓரத்தில் ஒதுக்கிவிட்டுக் கை கழுவுவேன். திரும்பிப் போன கோப்பையைப் பார்த்துத்தான் மாமி என்னைத் தெரிந்துகொள்வார். என் முகத்தை விட என் மிச்சத்தைத்தான் அவர் அதிகம் பார்த்திருப்பார்.

"ஆணம் உறைச்சிட்டுப் போல," என்று அடுக்களையில் சொல்வது கேட்கும். மறுநாள் உறைப்பு குறையும். நான் அதிலும் மிச்சம் வைப்பேன். "சோறு கூடிட்டுப் போல. திணிச்சாத் தின்ன மனம் வராது," என்பார். மறுநாள் சோறு குறையும். குறைந்த சோற்றிலும் நான் பாதியை விடுவேன். இப்படியே நாளாக ஆக, கோப்பையில் வருவது சுருங்கிக்கொண்டே போனது. பொதியைத் தோளில் வைத்துக்கொண்டு வெயிலில் நடக்கிற எனக்கு, பத்து மணிக்கே கண் இருண்டது.

"இன்னும் கொஞ்சம் போடவா?" என்று பரீதா கேட்பாள்.

"போதும்," என்பேன்.

அவளும் புதிசு. என் மிச்சத்தில்தான் அவள் உட்கார்ந்து சாப்பிடுவாள். அவளிடமாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். 'எனக்கு இன்னும் சோறு வேணும்' என்று ஒரு ஆண்பிள்ளை எப்படிச் சொல்வது என்று அப்போது நினைத்தேன். பச்சைப் போட்டுக்குப் போய் நான்கு ரொட்டி தின்பது எனக்குச் சுலபமாக இருந்தது.

அந்த மூன்று கடை ஆணமும் அந்தச் சகோதரர்களின் மாமிமார் வீட்டுக் கறித்தூளில் வந்தவை. என் மாமியின் சோற்றை வெட்கத்தில் விட்டுவிட்டு, அடுத்தவர்களின் மாமிமார் ஆணத்தை ஊர் ஊராகத் தின்று திரிந்திருக்கிறேன். இது எனக்கு உறைக்கப் பல வருடம் சென்றது.

ஒரு 'ஓம்'

நிந்தவூர்க் கடையில் காசு மேசையில் இருக்கும் நடுவிலார் பெரிய வாய்க்காரர். கேலி இல்லாமல் யாருக்கும் மிச்சக்காசு கொடுக்கமாட்டார். ஒரு நாள் நான் மறைப்புக்குப் பின்னால் இருந்து வெளியே வரும்போது கடை நிறையச் சனம்.

"என்ன மாப்பிள," என்றார் எல்லாருக்கும் கேட்க, "புது மாப்பிளைக்கு வீட்டுல புரியாணியும் வட்டிலப்பமும் ஆக்கிப் போடுவாங்க எண்டுதான் நான் கேள்விப்பட்ட. நீங்க என்னெண்டா இஞ்ச வந்து ரொட்டியப் பிச்சித் தின்றீங்க. மாமி அடுப்பெரிக்கிறல்லியா?"

எல்லாரும் சிரித்தார்கள். "எரிக்கிறாங்க" என்றால் "அப்ப ஏன் இஞ்ச வாறீங்க?" என்பார். எப்படியாவது வெளியே போய்விட்டால் போதும் என்று இருந்தது.

"ஓம்," என்று சொல்லிவிட்டேன். ஆமாம், எரிக்கிறதில்லை என்றுதான் அதற்கு அர்த்தம்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். பகிடிக்குப் பகிடி என்று நினைத்தேன். பொதியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறியதும் அதை மறந்தும் போனேன்.

கடை மறக்கவில்லை. நிந்தவூரில் சொன்னது, கடைக்குக் கடை அனுப்பும் இறைச்சியோடு சேர்ந்து அக்கரைப்பற்றுக்கும் கல்முனைக்கும் போனது. கடையிலிருந்து அந்தச் சகோதரர்களின் வீடுகளுக்கு, அங்கிருந்து கிணற்றடிகளுக்கு. வீடு நிறைய நெல்லை வைத்துக்கொண்டு மருமகனுக்குச் சோறு கொடுக்காத பொம்பிளை என்று மாமிக்குப் பெயர் வந்தது.

வந்த நேரம்தான் பொல்லாதது. பரீதாவின் தங்கை றசீனாவுக்குச் சாய்ந்தமருதில் ஒரு வாத்தியார் மாப்பிள்ளை பேசி முடிகிற கட்டம். மாப்பிள்ளையின் வாப்பா பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கும் மரைக்கார். எங்கள் பக்கத்தில் ஒரு உம்மா தன் மகனைக் கல்யாணம் முடித்துக் கொடுப்பதென்றால், அவனை இன்னொரு பொம்பிளையின் அடுக்களைக்குக் கொடுப்பது. அந்த அடுக்களையைப் பற்றித்தான் முதலில் விசாரிப்பார்கள். விசாரித்திருக்கிறார்கள். 'வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்கு வாறம், மூத்த மருமகனையும் நிற்கச் சொல்லுங்க' என்று மரைக்கார் ஆள் அனுப்பினார்.

மாமி என்னைத் திட்டவில்லை. தன் சமையலில்தான் ஏதோ பிழை என்று முடிவு செய்தார். அவருடைய தம்பி அந்தப் பாதையில் பஸ் ஓட்டுகிறவர். அவரிடம் சொல்லி மூன்று கடையிலும் ஒவ்வொரு பார்சல் வரவழைத்தார்.

நான் சொன்ன பதில்

இப்போது திரும்பவும் அந்தப் பாயில் வந்து உட்காருகிறேன்.

மூன்றையும் அவிழ்த்தேன். கல்முனை ஆணம் இலையில் ஓடியது. அக்கரைப்பற்று ஆணம் பாலாக இருந்தது. நிந்தவூர் கறுப்பு. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். மூன்றுமே மாமியின் ஆணத்துக்குக் கிட்ட வராது. அது எனக்குத் தெரியும். அதைச் சொன்னால் போதும்.

"வெக்கப்படாமச் சொல்லுங்க மகன். எனக்குக் கோவமில்ல."

திரைக்குக் கீழே அந்தக் கால்விரல்கள் அசையவில்லை. ஏதாவது ஒன்றைச் சொல்லி எழும்பிவிட வேண்டும். எங்கே அதிகம் போவேன்? பலகை மறைப்பு நினைவுக்கு வந்தது.

"நிந்தவூர்," என்றேன்.

"ஆ," என்றார் மாமி. பிறகு, "மல்லிய வறுத்துப் போடுறாங்களா மகன், பச்சையாவா?"

"தெரியா மாமி."

நான் திரைக்குக் கீழே தள்ளிவிட்ட அந்தப் பார்சலை உள்ளே எடுத்துக்கொண்டு போனார். அடுக்களையில் தாயும் இளைய மகளும் கதைப்பது கேட்டது.

"என்ன உம்மா இது, இப்பிடிக் கறுத்துக் கிடக்கு?"

"பேசாம இரி புள்ள. மச்சானுக்கு இதுதான் புடிச்சிருக்கு. தேங்காயத் துருவு."

மூன்று நாள் அந்த வீட்டில் தேங்காய்ப் பூ வறுபடும் புகை அடங்கவில்லை. ஒரு சட்டியை ஊற்றிவிட்டு மறுபடி வறுத்தார்கள். எனக்கு எல்லாம் கேட்டது.

வெள்ளிக்கிழமை

ஜும்ஆ முடிந்து மரைக்காரும் அவருடைய மூத்த மகனும் வந்தார்கள். அவர்களோடு மாமாவும் நானும் ஒரே சஹனைச் சுற்றி உட்கார்ந்தோம். அந்தப் பெரிய தாம்பாளத்தில் நெய்ச்சோறு, நடுவில் கறுப்பு ஆணம்.

மாமி தன் கைப்பழக்கத்தில் சமைத்திருந்தால் அவர்கள் விரல் சூப்பியிருப்பார்கள். இது கசந்தது. கொஞ்சம் கசப்பல்ல, கருகின கசப்பு. மரைக்கார் இரண்டு பிடி தின்றார். அதற்குப் பிறகு அவருடைய கை வெறும் சோற்றுப் பக்கமே போனது. நான் வழமை போலச் சின்னச் சின்ன உருண்டையாக எடுத்துக்கொண்டிருந்தேன்.

மரைக்கார் என் பக்கம் திரும்பினார். "மகன், ஒரு கத கேள்விப்பட்டன். கோவிக்கப்படாது. இஞ்ச ஒங்களுக்குச் சாப்பாடு குறவா?"

மாமாவின் கை சோற்றில் நின்றது. திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் நின்றது.

'வயிறு நிறையத் தாறாங்க. நான்தான் வெக்கத்துல தின்றல்ல.' இவ்வளவுதான் சொல்ல வேண்டும். அந்தச் சொற்கள் வாய்க்குள் வந்து நின்றன. சொன்னால் மூவரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரித்தால் என்ன? ஒரு பெண்ணின் கல்யாணமும் அவளுடைய உம்மாவின் மானமும் ஒரு பக்கம். இவனுக்குப் பசியைக் கூடச் சொல்லத் தெரியாது என்று நாலு பேர் சிரிக்கிற சிரிப்பு மற்றப் பக்கம்.

நான் தலையைக் குனிந்துகொண்டு சோற்றைப் பிசைந்தேன்.

"சரி, சரி, உடுங்க," என்றார் மரைக்கார். என் முதுகில் தட்டினார். "நல்ல குடும்பத்துப் புள்ள. வீட்டுக் குறைய வெளிய சொல்லமாட்டார்."

என் கோழைத்தனத்துக்குப் பாராட்டும் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை செய்தி வந்தது. வாத்தியார் இன்னும் கொஞ்ச நாள் படிக்கப் போகிறாராம். கல்யாணப் பேச்சு அத்தோடு முறிந்தது. அதற்குப் பிறகு றசீனாவுக்கு நல்ல இடம் எதுவும் சரிவரவில்லை. ஐந்தாறு வருடம் கழித்து, மனைவியை இழந்து இரண்டு பிள்ளைகளோடு இருந்த ஒருவருக்கு அவளை முடித்துக் கொடுத்தார்கள். அவர் நல்ல மனிதர். ஆனால் அது அவள் கேட்ட வாழ்க்கை அல்ல.

அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து நான் கோப்பையில் ஒரு பருக்கையும் மிச்சம் வைத்ததில்லை. பச்சைப் போட் பக்கமும் போகவில்லை. அதனால் என்ன நடந்தது தெரியுமா? "இப்பதான் மருமகன் வயிறு நிறையத் தின்றாரு. நிந்தவூர் ஆணம் ஆக்கப் பழகின பொறகுதான்," என்று மாமி அயலிலெல்லாம் சொன்னார். கிழமைக்கு ஒரு நாள் அந்தக் கறுப்பு ஆணம் தவறாமல் வரும். கசப்பும் கைக்குப் பழகி அளவாக வந்தது. அத்தனை வருடமும் நான் அதைத் தின்றேன். அத்தனை வருடமும் அவர் சந்தோஷப்பட்டார்.

வாசித்தது

மாமிக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது. இந்தத் தொடர் வரும் கிழமைகளில் பரீதாதான் அவருக்கு வாசித்துக் காட்டுகிறாள். இதையும் அப்படி அவள் வாயால் கேட்கட்டும் என்று விட்டுவிடப் பார்த்தேன். அது இன்னொரு மறைப்புக்குப் பின்னால் போய் உட்காருகிற வேலை என்று தோன்றியது. இதுவரை எழுதியதை எடுத்துக்கொண்டு மாமியின் கட்டிலடியில் போய் இருந்து நானே வாசித்தேன். பல இடத்தில் தடக்கியது.

முடித்ததும் மாமி என் பக்கம் திரும்பினார்.

"றசீனாக்கு வாசிச்சீங்களா மகன்?"

"இல்ல மாமி."

"அப்ப ஏன் எனக்கு வாசிக்கிறீங்க? அவளுக்கிட்டப் போங்க."

றசீனா பக்கத்து ஒழுங்கையில் இருக்கிறாள். நான் போனபோது தையல் மெஷினில் இருந்தாள். "வாங்க மச்சான், இரிங்க," என்றாள். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே வாசித்தேன். அவள் மெஷினை நிறுத்தாமல் மிதித்துக்கொண்டே கேட்டாள். மரைக்கார் என்னிடம் கேட்ட இடம் வந்ததும் மெஷின் நின்றது. கடைசி வரைக்கும் திரும்ப ஓடவில்லை.

"நான் அண்டைக்குத் திரைக்குப் பின்னால உம்மாவோடதான் நிண்ட," என்றாள். "ஒங்கட வாயத்தான் பாத்துக்கிட்டு நிண்ட."

நான் தாள்களை மடித்தேன்.

நூல் அறுந்திருந்தது. ஊசியில் கோர்த்தாள். இரண்டு தடவை தவறி மூன்றாம் தடவை கோர்த்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "பேப்பர்ல போடுங்க மச்சான். என்ட பேர மட்டும் மாத்திப் போடுங்க. மத்ததெல்லாம் அப்பிடியே இரிக்கட்டும்."

மாற்றியிருக்கிறேன். றசீனா என்பது அவளுடைய பெயர் அல்ல. மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது.

ஷவ்வால் பிறை ஒன்பது, சனிக்கிழமை, அஸருக்குப் பிறகு.